விழுந்த பிறகு முடுக்கிய போல்ட்டு

என் தங்கை கணவர் நாச்சிமுத்துவின் மோட்டார் சைக்கிளில் ஒரு போல்ட்டை நான் முடுக்க மறந்தேன். அவர் விழுந்து, கால் உடைந்து, பாலக்காட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மறுநாள் காலை, அதே இடத்தில் வேறொரு போல்ட்டைப் போட்டு இறுக முடுக்கினேன். பழி டயர்க்கடை ஆறுச்சாமியின் மேல் விழுந்தது. விழட்டும் என்று இருந்துவிட்டேன்.

முதல் போல்ட்டு மறதி. இரண்டாவது மறதி இல்லை.

இந்தத் தொடரில் இதுவரை நான் நல்லவனாகவே வந்துகொண்டிருக்கிறேன். போன வாரம் பள்ளி ஆய்வகத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ‘உங்களைப் போன்ற வாத்தியார் எங்களுக்கு வாய்க்கவில்லையே’ என்று வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். அதைப் படித்த பிறகு, இந்த வாரத்துக்கென்று எழுதி வைத்திருந்த பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

சக்கரத்துக்குப் பாஸ் வேண்டாம்

ஊரடங்குக் காலம் அது. லாரி வராததால் மாங்காய் தோப்பிலேயே பழுத்து விழுந்து அழுகியது. ஊர் முழுக்க அந்தப் புளித்த வாடை. சோற்றிலும் அது அடித்தது.

எங்கள் வீடும் காடும் கோவிந்தாபுரத்துக்கு இந்தப் பக்கம், கேரளத்தில். டயர்க்கடை எல்லையைத் தாண்டி இருநூறு அடி நடந்தால் வரும், தமிழ்நாட்டில். சாதாரண நாளில் டீ குடிக்கக்கூட அந்தப் பக்கம்தான் போவோம். அப்போதோ சாலையின் குறுக்கே தடுப்பு. வண்டிக்குப் பாஸ், ஆளுக்குப் பாஸ்.

டயர் தேய்ந்தால் என்ன செய்வது? எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சக்கரத்தை வீட்டிலேயே கழற்றி, தடுப்பு வரை கொண்டுபோய், அடியில் உள்ள இடைவெளி வழியாக உருட்டிவிடுவது. அந்தப் பக்கம் ஆறுச்சாமி பிடித்துக்கொள்வார். டயரின் மேல் சாக்கட்டியால் பெயர் எழுதியிருக்கும். மறுநாள் புது டயரோடு அதே வழியாக உருண்டு வரும். தடுப்பில் நின்ற மலையாளப் போலீஸ்காரர் முதல் நாள் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “மாஷே, சக்கரம் போய்க்கோட்டே. ஆளு போகண்டா” என்றார். வாத்தியாரே, சக்கரம் போகட்டும், ஆள் போக வேண்டாம் என்று அர்த்தம்.

அந்த மாதங்களில் எங்கள் பக்கம் எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும், ஒரு சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் ஒரு வண்டி நின்றது.

நாச்சிமுத்து ஒருநாள் வந்தார்.

“மச்சான், பின் டயரு வழுக்கையாயிருச்சுங்க. உங்க தலை மாதிரி.”

“என்ற தலையில நூலு தெரியுதுங்களா மாப்ளை? உங்க டயருல தெரியுது. வண்டிய உள்ள கொண்டாங்க.”

“மெக்கானிக்கு ஆரையாச்சும் கூப்பிடலாமுங்களா?”

“மெக்கானிக்கா? என்ற ஊட்டு வாசல்ல நின்னுட்டு மெக்கானிக்குங்கறீங்களா?”

அவர் கும்பிடு போட்டார். அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. எனக்கும்.

என் திறமை

முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். சித்தூர்ப் பக்கம் தமிழ் வழி வகுப்புகள். திருப்புத்திறன் பாடத்துக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு சைக்கிள் சக்கரத்தை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போவேன். சுற்றுகிற ஒன்றைப் பிடித்து நிறுத்தினால், பிடிக்கிற கையையும் அது சுற்றப் பார்க்கும் என்று காட்டுவேன். ஒரு மாணவனைப் பிடிக்கச் சொன்னால் அவன் மணிக்கட்டு முறுகும். வகுப்பு சிரிக்கும்.

என் வண்டிச் சக்கரத்தை வேறு எவரும் தொட்டதில்லை. கழற்றுவேன், பஞ்சர் பார்ப்பேன், கிரீஸ் வைப்பேன். இரும்பு, கிரீஸ், பழைய பெட்ரோல் மூன்றும் கலந்த வாசனை கையிலிருந்து இரண்டு நாள் போகாது. என் மனைவி இருந்தவரை, நான் வேலை முடித்துக் கை கழுவ வரும்போதெல்லாம், “மிச்சம் ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்பாள். ஒருமுறை ஒரு வாஷர் மிஞ்சிவிட்டது. அதை நாலு வருடம் சொல்லிச் சிரித்தாள்.

அவள் இருந்திருந்தால் கேட்டிருப்பாள், மறந்தது தெரிந்திருக்கும் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் பொய். அன்று எதுவும் மிஞ்சவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. ஒன்று மட்டும் கையால் திருகியபடி நின்றது.

கொப்பரையும் மழையும்

சென்டர் ஸ்டாண்டு போட்டு, அடியில் செங்கல் முட்டுக் கொடுத்தேன். பிரேக் கம்பியின் நட்டைக் கழற்றினேன். அதன் ஸ்பிரிங் துள்ளி ஓடிவிடும் என்று டம்ளருக்குள் போட்டேன். சங்கிலியைப் பல்சக்கரத்திலிருந்து தூக்கிவிட்டேன். அச்சை மரக்கட்டை வைத்துத் தட்டி உருவினேன்.

பின்சக்கரத்தின் பக்கத்தில் வட்டமாக ஒரு தட்டு இருக்கும். பிரேக் கட்டைகள் அதில்தான் உட்கார்ந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தோடு சேர்ந்து அந்தத் தட்டும் சுழலப் பார்க்கும். சுழலாமல் அதை வண்டிச் சட்டத்தோடு இழுத்துப் பிடிக்க ஒரு கம்பி உண்டு. மெக்கானிக்குகள் டார்க் ராடு என்பார்கள். நான் முப்பது வருடம் வகுப்பில் காட்டிய பாடம் முழுவதும் அந்தக் கம்பியில் இருக்கிறது. தட்டோடு அதைப் பிணைப்பது ஒரே ஒரு போல்ட்டு. அதன் நட்டு கழலாமலிருக்கக் குறுக்கே சின்னதாக ஒரு பின் செருகியிருக்கும். பழைய பின் துருப்பிடித்துக் கையோடு முறிந்து வந்தது. மாட்டும்போது கம்பித் துண்டு ஒன்றை வளைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

தட்டையும் கம்பியையும் வீட்டில் வைத்துக்கொண்டு, வெறும் சக்கரத்தை மட்டும் தடுப்புக்குக் கொண்டுபோனேன். இதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆறுச்சாமி கைக்குப் போனது வெறும் சக்கரம்.

மறுநாள் சாயங்காலம் மாட்டினேன். தட்டைப் பொருத்தி, அச்சைச் செலுத்தி, டார்க் ராடு போல்ட்டில் நட்டைக் கையால் திருகி விட்டேன். சங்கிலியின் தொய்வைச் சரிபார்த்த பிறகு முடுக்கலாம் என்பது கணக்கு. அப்போது பெருந்துளியாக மழை விழுந்தது. வாசலில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்துவும் நானும் ஓடி ஓடிச் சாக்கில் அள்ளினோம். நனைந்து, சிரித்து, தலை துவட்டித் திரும்பி வந்தேன். சங்கிலியைப் பார்த்தேன். அச்சு நட்டை முடுக்கினேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். சத்தமில்லாமல் சுற்றியது.

“பாருங்க மாப்ளை, கம்பெனிக்காரன் தோத்தான்” என்றேன்.

மாட்டுக் கொட்டகை

ஒன்பது நாள் கழித்து, ரைஸ்மில் வளைவில் ஆடு குறுக்கே வந்ததென்று நாச்சிமுத்து பிரேக்கை மிதித்தார். பின்சக்கரம் அப்படியே இறுகி நின்றது. வண்டி அவர் வலதுகால் மேல் விழுந்து இழுத்துக்கொண்டு போனது.

வண்டியை அன்றே கொண்டுவந்து அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் காலை நான் போனபோது வீட்டில் யாரும் இல்லை. எல்லாரும் ஆஸ்பத்திரியில். குனிந்து பார்த்தேன். டார்க் ராடு ஒரு முனையில் தொங்கியது. போல்ட்டு இல்லை, நட்டு இல்லை. தட்டு புரண்டு, பிரேக் கம்பி கொக்கி போல வளைந்திருந்தது.

சாணமும் மூத்திரமும் நாறின. பிறகு எழுந்து வீட்டுக்குப் போனேன். தகர டப்பாவில் அந்த அளவுக்கு ஒரு போல்ட்டு கிடந்தது. கொண்டுவந்து, தட்டைத் திருப்பி, துளையை நேர்படுத்திப் போட்டு முடுக்கினேன். புதிதாகத் தெரியாமலிருக்கத் தரையிலிருந்த சேற்றை எடுத்துத் தேய்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு கச்சிதமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு இளநீர் வாங்கிக்கொண்டு போனேன்.

வாத்தியாரைக் கேளுங்க

தடுப்பு எடுத்த பிறகு ஒரு காலை, நாச்சிமுத்துவின் தம்பி கனகராஜ் நாலு பேரோடு என் வீட்டு முன்னால் வந்து நின்றான்.

“சார், டயர்க்கடைக்காரன ஒரு கேள்வி கேக்கோணும். நீங்க வந்தாத்தான் அவன் வாயத் தொறப்பான்.”

போனேன். ஆறுச்சாமி ஒரு லாரி டயரின் மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்று ‘அவன்’ என்றுதான் சொன்னேன். நாற்பது வயசு இருக்கும். எங்களைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

“ஏன்டா, எங்கண்ணன் வண்டிச் சக்கரத்த என்னடா பண்ணுன?” என்றான் கனகராஜ்.

“டயரக் கழட்டிப் புதுசு போட்டு, காத்தடிச்சுக் குடுத்தனுங்க. வேற ஒண்ணும் பண்ணலீங்க.”

“அப்பறம் எப்படிறா சக்கரம் புடிச்சுக்கிச்சு?”

“பிரேக்குத் தட்டே எங்கிட்ட வர்லீங்களே! வெறுஞ் சக்கரந்தானுங்க வந்துது.” அவர் முகம் என் பக்கம் திரும்பியது. நிம்மதியோடு திரும்பியது. “வாத்தியாரையே கேளுங்க. அவருக்குத் தெரியாததா? அவரு சொல்லட்டுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதை நம்ப ஆள் இல்லை. இன்னொருவன் சொன்னால் போதும்.

“தடுப்பத் தாண்டுனதுக்கு அப்பறம் சக்கரத்துல கை வெச்சது நீ ஒருத்தன்தானப்பா” என்றேன்.

ஒரு சொல்லும் பொய் இல்லை. அப்படித்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

கனகராஜ் அறைந்தான். மற்றவர்கள் காற்றடிக்கும் கம்ப்ரசரை உருட்டிச் சாக்கடையில் தள்ளினார்கள். “அடிக்காதீங்க, உடுங்க” என்று நான்தான் நடுவில் புகுந்து தடுத்தேன். ஆறுச்சாமி கன்னத்தில் கைவைத்தபடி என்னையே பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. எதையோ நினைவுபடுத்திக்கொள்ளப் பார்ப்பவர் போல இருந்தார்.

அதன் பிறகு அவர் கடைக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் போகவில்லை. வாத்தியாரே சொல்லிவிட்டார் என்று பேச்சு. சில மாதங்களில் கடையில் பூட்டு தொங்கியது.

கை வர்லீங்க

நாச்சிமுத்து நடக்க ஆரம்பித்துவிட்டார். வலதுகால் இரண்டு விரல்கடை குட்டை. நான் தினமும் போய்ப் பார்த்தேன். என் தங்கை சரசு வருகிறவர்களிடமெல்லாம் என் அண்ணனைப் போல உண்டா என்று சொல்லுவாள்.

இரண்டு வருடம் போயிருக்கும். பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் யாரோ “வணக்கமுங் சார்” என்றார்கள். ஆறுச்சாமி. இளைத்திருந்தார். தலையிலும் புருவத்திலும் தேங்காய் நார்த்தூள். நார் மில்லில் மட்டை அள்ளிப் போடுகிற வேலை என்றார்.

“அன்னைக்கு நீங்க இல்லீன்னா என்னையக் கொன்னே போட்டிருப்பாங்க சார்.”

டயர் வேலையை ஏன் விட்டீர்கள், பொள்ளாச்சியில் எத்தனை கடை இருக்கிறது என்று ஏதோ கேட்டேன்.

“ரெண்டு எடத்துல நின்னு பாத்தனுங்க. கை வர்லீங்க. ஒவ்வொரு சக்கரத்த மாட்டி அனுப்பறப்பவும் இவன் எங்க உழுவானோன்னு இருக்குது. நான் எதுவும் பண்ணலீன்னுதான் மொதல்ல நெனச்சனுங்க. ஆனா நீங்களே அப்பிடிச் சொன்னீங்களே… படிச்சவரு. ஏதோ ஒரு எடத்துல உட்டிருக்கறேன். எந்த எடம்னுதான் இன்னும் புடிபடலீங்க.”

அவருடைய பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். கடையைத்தான் பறித்தேன் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். தன் கையையே நம்பமுடியாத ஆளாக அவரை ஆக்கிவைத்திருந்தது அன்றுதான் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து நார் மில்லுக்குப் போனேன். மத்தியானச் சோற்று நேரம். மட்டைக் குவியலின் நிழலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, கம்பி, நட்டு, மழை, மாட்டுக் கொட்டகை, சேறு. அவர் தூக்குப்போசியின் மூடியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். சோற்றைத் தொடவில்லை.

“இத எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆகுது?” என்றார் கடைசியில். “என்ற கன்னத்துல அடிச்ச எடத்துல வந்து சொல்லுங்க. அந்த ஆளுங்க இருக்கறப்பச் சொல்லுங்க.”

அதே இடம்

முதலில் நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அவர் நீட்டிய காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“போல்ட்டுப் போட்ட அன்னைக்கு மத்தியானந்தான எனக்கு இளநி ஊத்துனீங்க மச்சான்? அதே கையிலயா?”

“ஆமாங்க மாப்ளை.”

அவர் அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. சரசுதான் பொரிந்தாள்.

“எம் பையனுக்குக் கண்ணாலம் பேசீட்டிருக்கறம். பாவப்பட்டவனை அடிச்ச குடும்பம்னு இப்பத்தான் ஊருக்கெல்லாம் சொல்லோணுமா? உன்ற மனசு லேசாகோணும்னா கோயிலுக்குப் போண்ணா!”

நாச்சிமுத்து அவளைக் கையமர்த்திவிட்டுக் கனகராஜுக்குப் போன் செய்தார். “சார வண்டியில உக்கார வெச்சுக் கூட்டீட்டுப் போ. அவரு சொல்றதக் கேளு” என்றார். மச்சான் என்று சொல்லவில்லை.

இப்போது நாச்சிமுத்துவின் அந்த வண்டியை ஓட்டுவது கனகராஜ்தான். எனக்குக் கண் மங்கி, நான் வண்டி தொட்டு நாளாயிற்று. காலை பத்து மணிக்கு டயர்க்கடை இருந்த இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் இறங்கினோம். அன்று வந்தவர்களில் மூன்று பேர் இருந்தார்கள். டீக்கடையில் இன்னும் ஏழெட்டுப் பேர். ஆறுச்சாமிக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன்; மனைவியோடு வந்து தள்ளி நின்றார்.

வாயால் சொன்னால் போதாது என்று தோன்றியது. ஸ்பேனர் பையை எடுத்துப் போயிருந்தேன். சென்டர் ஸ்டாண்டு போடச் சொல்லி, மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தப் பின்சக்கரத்தைக் கழற்றினேன். “சார், நீங்க எதுக்குங்க” என்று யாரோ ஸ்பேனரை வாங்க வந்தார்கள். கொடுக்கவில்லை.

“இதா பாருங்க, இதான் தட்டு. இதான் கம்பி. இது ரெண்டும் என்ற ஊட்டுலயே இருந்துது. ஆறுச்சாமி கண்ணுலகூடப் பாக்கலை. இந்தப் போல்ட்ட முடுக்காம உட்டது நான். மாப்ளை உழுந்ததுக்கு அப்பறம் திருட்டுத்தனமா வேற போல்ட்டுப் போட்டதும் நான்.”

டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் குனிந்து பார்த்தார். “சரியாத்தான சொல்றாரு. வெறுஞ் சக்கரம் போனா, டயருக்காரனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

கனகராஜ் உடனே என் தோளைப் பிடித்துத் தூக்கினான். அவன் கண் நிறைந்திருந்தது. “பாத்தீங்களா, இதான் எங்க சாரு. அவன் கஷ்டப்படறான்னு தெரிஞ்சு, அடுத்தவன் பழியத் தூக்கித் தன்ற தலையில போட்டுக்கறாரு. இந்த மனசு ஆருக்கு வரும்?”

“இல்லப்பா கனகு, நான்தான்…”

“உடுங்க சார். வயசான காலத்துல எதுக்கு மண்ணுல உக்காந்துட்டு?” என்றான் அவன். டீக்கடைக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஒருவர் என் வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். லாரி டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, இவர்களைப் பார்த்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ அவ்வளவு பெரிய மனிதனாகிக்கொண்டிருந்தேன்.

ஆறுச்சாமியிடம் போனேன். “இந்தச் சக்கரத்த நீங்க மாட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்” என்றேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

“நான் தொட மாட்டனுங்க” என்றார். “நாளைக்கு ஆராச்சும் உழுந்தா அதுக்கும் நான்தான். அன்னைக்கு ஒத்த வார்த்தை சொன்னீங்க, நம்புனாங்க. இன்னைக்கு இத்தன சொல்லியும் நம்பலீங்களே சார்.”

அவர் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள்.

நானே மாட்டினேன். ஒவ்வொரு நட்டையும் இரண்டு முறை முடுக்கினேன். புது பின் வாங்கிப் போயிருந்தேன்; அதைச் செருகி வளைத்தேன். எழுந்து, “ஆச்சு கனகு, போலாம்” என்றேன்.

கனகராஜ் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். சீட்டில் கை வைத்தான். எடுத்தான். பிறகு போனை எடுத்து, “டேய், உன்ற குட்டியானைய எடுத்துட்டு வாடா. பைக்கு ஒண்ணு ஏத்தோணும்” என்றான்.

“எதுக்குப்பா? மாட்டியாச்சே. ஓட்டீட்டுப் போலாமே.”

“இல்லீங் சார்… எதுக்குங்க ரிஸ்க்கு?” சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். அன்று வந்த மற்றவர்களைப் பார்த்தேன். “நீங்க ஓட்டீட்டு வாங்கப்பா” என்றேன். ஒருவருக்குப் போன் வந்தது. ஒருவர் டீக்குக் காசு கொடுக்கப் போனார்.

குட்டியானை வந்தது. வண்டியைத் தூக்கி வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். எதிர்ப்புறத்திலிருந்து ஆறுச்சாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்து நின்றபோது ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, “இப்ப நம்பீட்டாங்க போங்க” என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கென்று மன்னிப்பு எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு முறை நார் மில்லுக்குப் போனேன். முதல் முறை, அவர் ஷிப்டில் இருக்கிறார், வர முடியாது என்று கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டாம் முறையும் அதையே சொன்னார்கள். அப்போது மட்டைக் குவியலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் யாரோடோ பேசுகிற குரல் கேட்டது. சற்று நேரம் நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.